பள்ளி திறக்கும் முன் கிளை பிரிக்க வேண்டும்

பாலக்காட்டு எல்லையில், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் ஓடப்போகிற கட்டற்ற மென்பொருள் என்றால், வெளியீட்டு நாளைக் குறிப்பது நாம் அல்ல, பள்ளிக் காலண்டர். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு, அதற்கு முன்பே ஐ.டி. செய்முறைத் தேர்வு. அந்த நாட்களில் லேப் கணினிகளைத் தொடவே விடமாட்டார்கள். ஜூனில் வகுப்பு தொடங்கிவிடும். மிச்சம் ஏப்ரல், மே. அதனால் மார்ச் நடுவில் கிளை பிரித்து, அதாவது வெளியிடப்போகும் நிரலைத் தனி நகலாக ஒதுக்கி, ஏப்ரல் முழுக்கச் சோதித்து, இப்போதைய 2.8-க்கு அடுத்த 3.0-ஐ மே முதல் வாரம் வெளியிடுவதே சரி.

கிளை பிரித்த அன்றே, புது வேலை தொடரும் மெயின் கிளையின் பதிப்பு எண்ணை ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கிளையிலிருந்தும் உருவாகும் மென்பொருள் 3.0 என்றே சொல்லும். பக் ரிப்போர்ட் எதைப் பற்றியது என்றே தெரியாது.

ஒற்றைப்படை எண் சோதனைக்கு, இரட்டைப்படை எண் பயன்பாட்டுக்கு என்ற பழைய முறை வேண்டாம். லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் அதை 2.6 வந்த பிறகு கைவிட்டது. லினக்ஸ் திரைமுகப்பான க்னோம் 2021-இல் அதன் 40-ஆம் பதிப்பு வந்தபோது விட்டது. லேப் பொறுப்பு ஆசிரியருக்கு 2.9 சோதனைப் பதிப்பு என்று எப்படித் தெரியும்? பெயரிலேயே பீட்டா (சோதனைப் பதிப்பு) என்று போடுங்கள். உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளின் பேக்கேஜில் (நிறுவும் கோப்பில்) 3.0~beta1 என்று அலைக்குறியோடு எழுத வேண்டும். 3.0.beta1 என்று புள்ளி வைத்தால் அது 3.0-ஐவிடப் புதியது என்று கணக்காகி, இறுதி வெளியீடு வந்தாலும் அப்டேட் ஆகாது.

திருத்தம் முதலில் மெயினில், பிறகுதான் வெளியீட்டுக்கென்று பிரித்த நிலையான கிளையில். கர்னலின் ஸ்டேபிள் கிளைக்கும் இதுவே விதி. நிலையான கிளையில் மட்டும் சரிசெய்த பக், அடுத்த வெளியீட்டில் திரும்ப முளைக்கும். கிட்டில் ஒரு திருத்தத்தை மட்டும் இன்னொரு கிளைக்கு எடுக்கும் செர்ரி-பிக் கட்டளையில் மைனஸ் எக்ஸ் (-x) சேர்த்தால் மூல கமிட்டின், அதாவது மூலத் திருத்தப் பதிவின், எண் பதிவாகிவிடும். எது வந்தது, எது வரவில்லை என்று பிறகு தேட வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் அதிகம் அடிவாங்குவது மொழிபெயர்ப்பு. ஒரே லேபில் தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் உட்காருகிறார்கள். நிலையான கிளையில் யாரோ ஒரு ஆங்கில மெனு வரியில் கமா ஒன்றைத் திருத்துவார். மொழிபெயர்ப்பு வரிகள் இருக்கும் கெட்டெக்ஸ்ட் கோப்பைப் புதுப்பித்ததும் அந்த வரி ‘ஃபஸி’, அதாவது மறுபடி சரிபார்க்க வேண்டியது, ஆகிவிடும். ஃபஸி வரிகளை, மொழிபெயர்ப்பைத் தொகுக்கும் கருவியான எம்.எஸ்.ஜி.எஃப்.எம்.டி. (msgfmt) வழக்கமாக விட்டுவிடும். முந்தின நாள் வரை தமிழில் இருந்த மெனு ஆங்கிலத்தில் நிற்கும், மலையாளத்திலும் அதே கதி. ஒரு கமாவுக்கு இவ்வளவு! கிளை பிரித்த நாளிலிருந்து அந்தக் கிளையில், திரையில் தெரியும் வரிகளில் கைவைக்கக் கூடாது. எழுத்துப் பிழை கண்ணை உறுத்தினாலும் மெயினில் திருத்திக்கொள்ளலாம்.

அடுத்தது பயனரின் தேர்வுகள் பதிவாகும் அமைப்புக் கோப்பு. சோதனைப் பதிப்புக்குத் தனிப் பேக்கேஜ் பெயர், தனி ஃபோல்டர் கொடுங்கள். முதல்முறை திறக்கும்போது பழைய அமைப்பைப் படித்து நகலெடுக்கட்டும். பழையதில் எழுதவே கூடாது. எழுதினால், பீட்டா பிடிக்காமல் 2.8-க்குத் திரும்பியவருக்கு, அந்தப் பழைய பதிப்பு தனக்குப் புரியாத வரிகளைப் பார்த்துத் தடுமாறும், விசைப்பலகைத் தேர்வு, சொற்பட்டியல் எல்லாம் போகும். அதன்பின் அவர் பீட்டா பக்கமே வரமாட்டார்.

சின்னக் குழுவுக்கு நிலையான கிளை ஒன்று, சோதனைக் கிளை ஒன்று போதும். பழைய 2.8-க்குப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும், அதுவும் ஓண விடுமுறை வரை. மேயில் அப்டேட் செய்யாத பள்ளிகளுக்கு அந்த விடுமுறையில் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். 2.8-க்கான திருத்தங்கள் நிற்கும் தேதியை 3.0-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.