எட்டு என்றால் எவ்வளவு?

கடலூர்ப் பக்கம் மானிய விண்ணப்பங்களை மதிப்பிட உட்காருபவர்கள் முதலில் பேசி முடிக்க வேண்டியது, பத்துக்கு 'எட்டு' மதிப்பெண் என்றால் என்ன என்பதைத்தான். பிச்சாவரத்தில் அலையாத்திக் கன்று நடும் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். "5,000 கன்று நடுவோம்" என்று மட்டும் இருந்தால் பத்துக்கு 4. கன்று எங்கிருந்து வரும், வாய்க்கால் யார் வெட்டுவது, ஓராண்டு கழித்துப் பிழைத்ததை யார் எண்ணுவது என்பதும் இருந்தால் 8. இப்படி எழுதி வைக்காவிட்டால் ஒருவர் தாராளமாகப் போடுவார், இன்னொருவர் கறாராகப் போடுவார். யார் கையில் சிக்கியது என்பதே விண்ணப்பத்தின் தலையெழுத்தாகிவிடும். பெரிய அநியாயம் அது.

எந்தப் பக்கம் உயர்வு என்பதையும் சொல்லிவிடுங்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் முறையில் 1 தான் சிறந்தது, 9 மோசம்.

உறவோ பழைய சகாவோ விண்ணப்பித்திருந்தால், அந்த விவாதம் முடியும்வரை மதிப்பீட்டாளர் வெளியே இருக்க வேண்டும். மற்றபடி, எல்லோரும் முதலில் ஒரே இரண்டு விண்ணப்பங்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு விண்ணப்பத்துக்கு மூன்று பேர். 9, 8, 3 என்று வந்தால் உடனே சராசரி எடுக்காதீர்கள். 3 போட்டவர் பட்ஜெட்டில் படகு வாடகை விட்டுப்போனதைக் கவனித்திருக்கலாம். காரணத்தைக் கேட்டுவிட்டு, மூவரும் மறுபடி போடட்டும்.