வாசல் றோட்டைப் பார்த்து வாங்கு

சித்தியின் மகளுக்கு முல்லைத்தீவில் வேலை கிடைத்துவிட்டது. கிடைத்த அன்றே வாட்ஸ்அப்பில் நான்கு மோட்டார் சைக்கிள் படம் அனுப்பி, "அக்கா, இதில எது எடுக்க?" என்று கேட்டாள். ஒரு புல்சர் 150, ஒரு எஃப்இசட், இரண்டு டியோ ஸ்கூட்டர். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: உங்கட வாசலில் இருந்து தார் றோட்டுக்கு எத்தனை கிலோமீற்றர்?

மூன்று கிலோமீற்றர், முழுக்கக் கிறவல், அதாவது சிவப்புச் சரளை மண். ஐப்பசி கார்த்திகை மழைக்கு அது றோட்டா குளமா என்று தெரியாது.

நாங்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிளை யாழ்ப்பாணம் போகிற ஏ9 பெருந்தெருவை நினைத்துக்கொண்டுதான் தெரிவு செய்கிறோம், ஆனால் விழுவது வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில். எனக்கும் அப்படித்தான் நடந்தது. முதலில் இரவலாக ஓடியது 10 அங்குலச் சில்லு வைத்த ஸ்கூட்டி. தார் றோட்டில் அதுபோல் சுகம் வேறில்லை, கிறவல் கிடங்கில் இறங்கினால் சில்லு முழுதாக உள்ளே போய்விடும். அதனால்தான் பழைய பஜாஜ் சிடி 100 மோட்டார் சைக்கிள் ஒன்று எடுத்தேன், அதன் சில்லு 17 அங்குலம். பொம்பிளைப் பிள்ளை சிடி ஓடுகிறாள் என்று சந்தியில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். புல்சர் 150 கிட்டத்தட்ட 145 கிலோ, இது அதைவிட ஒரு 30 கிலோ குறைவு. சேற்றில் சரிந்தால் தனியாகத் தூக்கி நிமிர்த்த முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். சீற்றில் இருந்தபடி இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். புதிதாக ஓடுபவர் விழுவது பெரும்பாலும் நிற்கும்போதும் திருப்பும்போதும்தான்.

பழையது எடுப்பதென்றால் இன்னொரு தலையிடி. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, ஓடித் தேய்ந்ததற்கும் புதியதன் விலை சொன்னார்கள். 2025இல் திரும்பத் திறந்துவிட்டார்கள், ஆனாலும் விற்கிறவர் வாய் இன்னும் இறங்கவில்லை. விலையைப் பேசுவதற்கு முன் வாகனப் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் முடியவில்லை, அல்லது முடிந்தும் பெயர் எடுபடவில்லை. செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் குனிந்து, துணியால் துடைத்து, புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். விற்றவர் கையெழுத்து வைத்த ஓப்பின் பேப்பரில் வாங்கி, தன் பெயருக்கு மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிற பழக்கம் இங்கே நிறைய, பிறகு ஏதாவது நடந்தால் அலைவது நீங்கள்தான்.

இனி நான் விழுந்த கதை. வாங்கி இரண்டாவது கிழமை. மழை விட்ட பின்னேரம், மதகுக்கு இந்தப் பக்கம், ஒரு கன்றுக்குட்டி பற்றைக்குள் இருந்து துள்ளிக்கொண்டு வந்தது. பயத்தில் வலது கை முன் பிறேக்கை அப்படியே இறுக்கிப் பிடித்துவிட்டது. முன் சில்லு நின்றது, வண்டி நிற்கவில்லை, களி மண்ணில் வழுக்கிக்கொண்டே போனது. கன்று திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போய்விட்டது. எனக்கு முழங்கை உரசல், சைலன்சர் சுட்டு வலது காலில் ஒரு தழும்பு. ஹெல்மெற்றின் தாடைப் பக்கம் மூன்று கோடு. அந்த ஹெல்மெற்றை அதன்பிறகு போடவில்லை, ஒருமுறை பலமாக அடிபட்டதற்கு உள்ளே என்ன நடந்தது என்று வெளியில் தெரியாது.

பிறகு மைதானத்தில் போய்ப் பழகினேன். தாரில் பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்கு வருவதால் முன் பிறேக்தான் கூட நிறுத்தும், ஆனால் மெல்ல மெல்லக் கூட்டிப் பிடிக்க வேண்டும். கிறவலில் முன்னதைத் தொட்டும் தொடாமலும் வைத்து, பின்னதால் குறைக்க வேண்டும், வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். லைசனுக்கு எட்டுப் போடும்போது இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

இரவுதான் எனக்கு இன்னும் பயம். மழைக்காலத்தில் வயல் முழுக்க ஈரம், மாடெல்லாம் காய்ந்த தாரைத் தேடி வந்து நடு றோட்டில் படுத்துவிடும், அதிலும் கறுப்பு எருமை லைற் வெளிச்சத்திலும் கடைசி நேரம்வரை தெரியாது. 60இல் போனால் ஒரு விநாடிக்கு 17 மீற்றர், அதாவது கை பிறேக்கைத் தேடும் நேரத்திலேயே அவ்வளவு தூரம் போய்விடும். ஊருக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்கு 70வரை போகலாம் என்று சட்டம் சொல்கிறது, மாட்டுக்கு அது தெரியாதே. அறுவடை நாட்களில் பின் லைற் இல்லாத உழவு இயந்திரப் பெட்டியும், றோட்டில் காயப்போட்ட நெல்லைச் சுற்றி வைத்த கல்லும் சேர்ந்துகொள்ளும். ஒட்டுசுட்டான் பக்கம் யானை நின்றால் ஹோன் அடிக்காமல் தூரத்திலேயே நில்லுங்கள், எந்தப் பெரிய வேலையும் காத்திருக்கும்.

ஹெல்மெற்றை கைபிடியில் தொங்கவிட்டு, பொலிஸைக் கண்டால் தலையில் வைக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நாடியில் பட்டியைக் கொளுவாத ஹெல்மெற்றும் அதே கணக்குத்தான். ஷோல் போடுகிற பிள்ளைகள் அதை முதுகுப் பக்கம் முடிந்து ஊசி குத்துங்கள், பின்பக்கச் சில்லுக்குள் போனால் கழுத்தோடு இழுக்கும்.

அப்பா இதெல்லாம் கேட்டுச் சிரிப்பார். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நாட்களில் கார்பரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் எம்டி 90 மோட்டார் சைக்கிள் ஓடியவர், ஹெல்மெற் என்ன நிறம் என்றே அப்போது தெரியாது. இன்றைக்கும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டுவதென்றால் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கித்தான் போவார். தேங்காய் உடைக்கிறதுக்கு முன் ரயருக்குக் காற்றுப் பாருங்கோ என்று போனமாதம் சொன்னேன், முறைத்தார், ஆனால் பார்த்தார்.

தங்கச்சி கடைசியில் ஒரு பிளாட்டினா எடுத்துவிட்டாள். நிறம் மட்டும் நீலம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, அதற்காக இரண்டு கிழமை காத்திருந்தாள். நேற்று வீட்டுக்கு ஓடி வந்தாள். சில்லில் இருந்து பெற்றோல் ராங்கிவரை கிறவல் சிவப்பு.