மதில் நகரங்களில் எந்தக் கல்லைப் பார்ப்பது?

ஐரோப்பாவின் பழைய மதில் நகரங்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலோ பிரான்சின் கார்க்கசோனிலோ தொடங்குகிறார்கள். இரண்டும் பேரழகான ஊர்கள். அந்தத் தெரிவில் நான் குறை காண மாட்டேன். ஆனால் திருகோணமலையிலிருந்து ஒருவர் என்னிடம் வழி கேட்டால், ஸ்பெயினில் மத்ரித்துக்கு வடமேற்கே, கடல்மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கும் மேலான உயரத்தில், குளிர்காற்று ஓயாத மேட்டில் இருக்கும் ஆவிலாவுக்கே முதலில் போகச் சொல்வேன். அங்கேயும் மதிலின் மேல் ஏறுவதற்கு முன்னர், அதன் கிழக்குப் பக்கத்தில், வெளியே நிலத்தில் நின்று கற்களைப் பார்க்கச் சொல்வேன்.

ஆவிலாவின் மதில் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 12ஆம் நூற்றாண்டில் கட்டி முடிக்கப்பட்டது. சுற்றளவு 2,516 மீற்றர், வாயில்கள் 9, அரைவட்டக் காவற்கோபுரங்கள் 87. தூரத்திலிருந்து பார்க்கையில் முழுவதும் ஒரே கையால் கட்டப்பட்டது போலத் தோன்றும். அருகில் போனால்தான் கற்கள் ஒன்றோடொன்று பொருந்தாதிருப்பது தெரிகிறது. பொடியாக உடைத்த கருங்கற்களுக்கு நடுவே, நன்றாகச் சதுரித்த பெரிய பாளங்கள் கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் முகத்தில் நீள்சதுரக் குழிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவை இறந்தவர்களின் சாம்பலை வைப்பதற்காக உரோமர் காலத்தில் வெட்டப்பட்ட குழிகள். நகரின் கிழக்கே இருந்த உரோமர்களின் இடுகாட்டைப் பெயர்த்து, அந்தக் கல்லறைக் கற்களைக் கொண்டுவந்து மதிலில் அடுக்கியிருக்கிறார்கள். நாங்கள் போனது காலை நேரம். கிழக்கு மதிலில் சாய்வாக வெயில் விழும் அந்த வேளையில், ஒவ்வொரு குழியும் தன் நிழலோடு துலக்கமாகத் தெரியும். பாரிஸில் வசிக்கும் அத்தான், என்னோடு சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இது எங்கட கோட்டை வாசல் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருமலை என்று நாங்கள் சொல்லும் திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏனையோருக்காகச் சொல்கிறேன். அங்கே கடல்முனையில் இருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தினு த சா 1622ஆம் ஆண்டில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே அந்த முனையில் கோட்டையை எழுப்பினார். பின்னர் ஒல்லாந்தர் அதனைத் திருத்திக் கட்டினர். 1795இல் கைப்பற்றிய ஆங்கிலேயர் பிற்காலத்தில் பிரெடரிக் கோட்டை என்று பெயரிட்டனர். இன்றும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டை வாசலுக்குள்ளாலேயே போகிறார்கள். வாசலின் கல்லில் பாண்டியரின் இணைக்கயல் சின்னம் இருக்கிறது. குளக்கோட்ட மன்னனின் திருப்பணியைப் பறங்கியர் குலைப்பர் என்று கூறும் கல்வெட்டின் சிதைந்த எழுத்துகளும் அங்கேயே இருக்கின்றன. இடிபட்ட கோயிலுக்குப் போகும் வழியே இடித்த கற்களுக்கு நடுவால் அமைந்திருப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகியவர்களுக்கு, எந்த ஊரின் மதிலைக் கண்டாலும், இந்தக் கல் இதற்கு முன்னர் எங்கே இருந்தது என்ற கேள்விதான் முதலில் எழும். அந்தக் கேள்வியோடு போவதே மதில் நகரங்களைப் பார்ப்பதற்கு மிகச் சிறந்த வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆவிலாவில் இன்னொன்றும் உண்டு. அங்குள்ள பேராலயத்தின் பின்புற அரைவட்டம், மதிலின் கோட்டிலிருந்து வெளியே புடைத்து, காவற்கோபுரங்களிலேயே மிகப் பெரியதாக நிற்கிறது. உள்ளே பலிபீடம், வெளியே அம்பெய்வதற்கான ஞாயில்கள். அங்கே ஆலயமே நின்றபடி மதிலானது, நம் ஊரில் ஆலயம் விழுந்த பிறகு மதிலானது. பின்பக்கத் தெருவில் நின்று அந்தக் கருங்கல் வளைவை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து போர்த்துக்கலுக்குப் போனோம். எவோரா நகரின் நடுமேட்டில், முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமர் கோயில் ஒன்றின் 14 தூண்கள் நிற்கின்றன. கருங்கல் தூண்களுக்கு வெண்பளிங்குப் போதிகைகள். இவ்வளவு காலம் அவை எப்படித் தப்பின என்பதுதான் வியப்பு. இடைக்காலத்தில் தூண்களுக்கிடையே சுவர் எழுப்பி, அதனை ஒரு கோபுரமாக்கினார்கள். பிறகு அது இறைச்சிக் கடையாகி, 1836 வரை அப்படியே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சுவர்களை அகற்றித் தூண்களை வெளிக்கொணர்ந்தார்கள். ஏதோ ஒரு பயன்பாட்டில் இருந்ததால் தூண்கள் பிழைத்தன. கோணேச்சரத்தை இடித்தவர்களின் சொந்த நாட்டில், வேற்றுச் சமயத்தவர் கட்டிய கோயில் ஒன்று மாமிசக் கடையாகவேனும் நின்று பிழைத்திருக்கிறது என்பதை அந்தத் தூண்களின் அடியில் நின்று எண்ணிப் பார்ப்பது எளிதன்று. நம் கோயிலின் தூண்களிற் சில, கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் கிடக்கின்றன.

எல்லையோர நகரமான எல்வாஸ், சுற்றுலாக் கூட்டம் குறைவான ஊர். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் அமொரெய்ரா நீர்ப்பாலம், அடுக்கடுக்கான வளைவுகளோடு பள்ளத்தைத் தாண்டி வருகிறது. 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த வேலை முடிந்த ஆண்டு 1622. நம் ஊரில் ஒரு கட்டடம் விழுந்த அதே ஆண்டில் அவர்கள் தங்கள் ஊரில் ஒரு கட்டடத்தை நிறைவுசெய்திருக்கிறார்கள். நகரைச் சுற்றியுள்ள நட்சத்திர வடிவக் கோட்டை அதற்குப் பின்னர் வந்தது. 1640இல் ஸ்பெயினிடமிருந்து போர்த்துக்கல் பிரிந்து போர் மூண்டதும், கொஸ்மான்டர் என்ற ஒல்லாந்த யேசுசபைத் துறவி அதனை வரைந்து கொடுத்தார். 1639இல் ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைவிற் கொள்க.

ஆவிலாவையும் எல்வாஸையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பீரங்கி வந்தபின் மதிற்கலை எப்படி மாறியது என்பது புத்தகம் இல்லாமலேயே விளங்கும். ஏணி வைத்து ஏறுகிறவர்களைத் தடுப்பதற்காக ஆவிலாவின் மதில் உயர்ந்தும் செங்குத்தாகவும் நிற்கிறது. அத்தகைய உயரமான சுவர் பீரங்கிக் குண்டுக்கு நல்ல இலக்கு. ஆகவே பிற்காலத்தவர் மதிலைத் தாழ்த்தினார்கள். பின்னால் மண்ணைக் கொட்டித் தடிப்பாக்கினார்கள். முன்னால் அகழியை அகலமாக்கினார்கள். வட்டக் கோபுரத்தின் அடியில் எதிரி ஒளிந்துகொள்ள ஓரிடம் எப்போதும் இருக்கும். கூர்முனைக் கொத்தளங்களில் அந்த மறைவிடம் கிடையாது. ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டிலிருந்து அடுத்ததன் அடிவரைக்கும் சுட முடியும். யாழ்ப்பாணக் கோட்டையின் ஐங்கோணமும் இதே கணக்கிற் பிறந்ததுதான். திருமலையில் மூன்று பக்கமும் கடலும் செங்குத்துப் பாறையுமாக இருந்ததால், முனையின் கழுத்தைக் குறுக்கே அடைக்கும் மதிலுக்கே முதன்மை தரப்பட்டது.

டுப்ரோவ்னிக்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மதிலின் நீளம் 1,940 மீற்றர். ஒரே திசையில்தான் நடக்க விடுகிறார்கள். கட்டணம், நம் ரூபாயில் கணக்குப் பார்த்தால், ஒரு குடும்பம் யோசிக்க வேண்டிய அளவுக்கு அதிகம். கடலைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் ஒரு தடவை ஊர்ப்பக்கம் திரும்பி ஓடுகளைப் பார்க்க வேண்டும். மங்கிய மஞ்சளும் பாசியுமாக இருப்பவை பழைய ஓடுகள். பளிச்சென்ற சிவப்பில் இருப்பவை, 1991-92 முற்றுகைக்குப் பின்னர் வேய்ந்தவை. பழைய நகரின் 824 கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு எறிகணைபட்டவை. எந்தக் கூரை எரிந்தது, எந்தத் தெருவில் குண்டு விழுந்தது என்று குறித்த வரைபடத்தை நகர வாயிலிலேயே வைத்திருக்கிறார்கள். போரை அறிந்த ஊரிலிருந்து போகிறவர்கள் அந்தப் பலகையைக் கடந்து விரைந்து போக மாட்டார்கள். உல்லாசப் பயணிகள் நுழையும் இடத்திலேயே அதனை வைக்க அவர்களுக்கு இருந்த துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கார்க்கசோனில் 52 கோபுரங்கள், இரட்டை மதில், சித்திரம் போன்ற கூர்ங்கூரைகள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இடித்துத் தள்ள இருந்த நகரத்தை, உள்ளூர் அறிஞர்களின் போராட்டத்துக்குப் பிறகு, வியோலே லெ டுக் என்ற கட்டடக் கலைஞர் 1853 முதல் மீட்டெடுத்தார். தென்பகுதிக்குப் பொருந்தாத கற்பலகைக் கூரைகளை அவர் வேய்ந்தது பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். அரைநாள் போதும்.

இத்தாலியின் லூக்காவுக்கு மட்டும் ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய, 4 கிலோமீற்றருக்கும் மேல் நீளமான அந்த மதில் ஒருநாளும் முற்றுகையைக் கண்டதில்லை. 1812இல் செர்க்கியோ ஆறு பெருக்கெடுத்தபோது வாயில்களை மூடி ஊரைக் காத்ததே அது செய்த பெரும் போர். மதில்மேல் நிரை நிரையாக மரங்கள். மாலையில் ஊரே மேலே வந்துவிடுகிறது: சைக்கிளில் பிள்ளைகள், கைகோத்து நடக்கும் முதியவர்கள், பந்து விளையாடும் இளைஞர்கள். நம் பிரெடரிக் கோட்டைக்குள்ளும் பெருமரங்கள் உண்டு, மான்கள் உண்டு. ஆனால் இராணுவத்தின் பயன்பாட்டில் இருக்கும் இடமாதலால் மதில்மேல் நினைத்தபடி நடக்க இயலாது. ஒரு கோட்டை மக்களுக்கு முழுமையாகத் திரும்பக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதை நான் லூக்காவில்தான் கண்டேன். அப்படியொரு மாலை நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். மேற்சொன்ன நாடுகள் அனைத்துக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். குரோஷியாவும் 2023 முதல் அதில் சேர்ந்துவிட்டது. மத்ரித்திலிருந்து ஆவிலாவுக்கும், லிஸ்பனிலிருந்து எவோராவுக்கும், புளோரன்ஸிலிருந்து லூக்காவுக்கும் ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். டுப்ரோவ்னிக்குக்கு ரயில் கிடையாது. ஸ்பிளிட்டிலிருந்து பேருந்தில் போகிறவர்கள், அது பொஸ்னியாவின் ‘நேயும்’ என்ற ஊர் வழியாகப் போகிறதா, 2022இல் திறந்த பெல்யெசாத்ஸ் பாலத்தின் வழியாகப் போகிறதா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பொஸ்னியா ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. ஒரே தடவை நுழைய மட்டும் அனுமதிக்கும் விசா வைத்திருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்குப் பாலத்து வழியே பாதுகாப்பானது.