அக்டோபர் பயணம் உறுதியாகிவிட்டது

நம் தமிழ்ப் பள்ளி இளைஞர் குழு அரிசோனாவின் ஃபீனிக்ஸிலிருந்து இரண்டு வேன்களில் கிளம்புகிறது. நான்கு நாள். பேஜ் என்ற ஊர், ப்ரைஸ் தேசியப் பூங்கா, அப்புறம் ஸயான் தேசியப் பூங்கா.

ஜூலை விடுமுறையிலேயே போகலாமே என்று பலர் கேட்டீர்கள். வெயில் மட்டும் காரணம் இல்லை. பேஜ் பக்கத்தில் ஆன்டலோப் பள்ளத்தாக்கு, சில இடங்களில் கை விரித்தால் இரண்டு பாறைச் சுவரும் தொடும் அளவு இடுக்கு. 1997 ஆகஸ்ட் 12 அன்று அங்கே பெரிதாக மழையே இல்லை. எங்கோ பல மைல் தள்ளிப் பெய்த மழை வெள்ளமாகப் புகுந்து 11 பேரைக் கொண்டுபோனது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் மழைக்காலம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அப்போது போக எனக்கு மனம் வரவில்லை.

ஆன்டலோப், அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் நிலம். அனுமதி பெற்ற வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம், அதனால் முன்பதிவு இந்த வாரமே.

ப்ரைஸ் பள்ளத்தாக்கின் விளிம்பு 8000 அடி உயரம். பாலைவனம்தானே என்று மெல்லிய சட்டையோடு அனுப்பாதீர்கள், இரவில் நடுங்கும். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர். முதல் நாள் புளியோதரை எங்கள் வீட்டிலிருந்து.

நம் பிள்ளைகள் பால்வீதியை வெறும் கண்ணால் பார்க்கப்போகிறார்கள், அதை நினைத்தாலே மனசு நிறைகிறது.

வேன் ஓட்ட இன்னும் ஒருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்?