தாத்தா இறந்த திதி

ஆயா கண்ணை மூடும்வரை, தாத்தா எங்கே செத்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்துக்குப் போனவர். பர்மா என்பார்கள், அவ்வளவுதான். 1945 ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரணடைந்த சேதி வேலூரை அடுத்த எங்கள் கணியம்பாடிப் பக்கம் வந்ததும், தீபாவளிக்குள் வந்துவிடுவார் என்று ஆயா புது வேட்டி எடுத்து வைத்திருந்தாளாம். பொங்கலையொட்டி ஒரு கடிதம்தான் வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார், இறந்துவிட்டார் என்று. எரித்தார்களா, புதைத்தார்களா, அப்படியே கிடந்தாரா, எதுவும் அதில் இல்லை. அப்பாவுக்கு அப்போது இரண்டு வயது.

தேதி தெரியாததால் வருஷா வருஷம் மகாளய அமாவாசையில்தான் அப்பா படையல் போடுவார். எண்பது தாண்டிய பிறகு ஒருநாள், "நான் போறதுக்குள்ள எங்கப்பன் செத்த தேதிய கண்டுபிடிச்சுக் குடுடா" என்றார்.

முதலில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன், அவ்வளவு பழைய பதிவேடு இல்லை என்றார்கள். அப்புறம் கம்மவான்பேட்டையில் ஒரு முன்னாள் சுபேதார் வழி சொன்னார். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் அது. உலகப்போர்களில் பிரிட்டிஷ், இந்தியப் படைகளில் செத்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இறந்தவர்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது, காசு கட்ட வேண்டாம், தேடிப் பார் என்றார்.

மூன்று வாரம் தேடியும் கிடைக்கவில்லை. தாத்தா பெயரை அந்தக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'சாமி' ஒன்றையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். தேடுகிறவர்கள் பெயரைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். கூடுதல் தகவலுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஊர்ப் பெயரைப் போடுங்கள். மாவட்டம் வேலூர் என்று போட்டால் பலருடைய பதிவு வராது. அந்தக் காலத்து மாவட்டப் பெயரான வட ஆற்காடு என்று போட வேண்டும். இன்றைக்குத் திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக்காரர்களுக்கும் இதுதான்.

நான் செய்த பெரிய தப்பு வேறு. போர் முடிந்தது ஆகஸ்டில்தானே என்று, இறந்த தேதியை ஆகஸ்டு 1945 வரைக்கும் மட்டுமே கொடுத்திருந்தேன். அந்த ஆணையம் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களையும் இரண்டாம் உலகப்போர்க் கணக்கில் சேர்க்கிறது. அதுவரைக்கும் தேதியை நீட்டியதும் ஒரு வரி வந்தது.

இந்தியப் பயனியர் படை, அதாவது ரோடு போடுவது, சுமை தூக்குவது போன்ற வேலைகளுக்கான ராணுவப் பிரிவு. 1945 நவம்பர். இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், ஊர், வட ஆற்காடு. கணவர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஆயாவின் பெயர். ஓர் எழுத்து தப்பாக இருந்தது, ஆனால் ஆயாதான். தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள். கைநாட்டு வைத்தே காலம் கழித்தவள் பெயர் அங்கே இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது.

ஆக, ஆயா வேட்டி எடுத்து வைத்தபோது அவர் உயிரோடுதான் இருந்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. போர் முடிந்துவிட்டது என்று உலகமே கொண்டாடிய பிறகும் அங்கேயே வைத்திருந்தார்கள்.

இடம்: ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியான், தகன நினைவிடம். அதே வளாகத்தில் உடல் கிடைக்காமல் போன சுமார் 27,000 பேரின் பெயர்கள் தூண்களில் இருக்கின்றன. முறையான ஈமச்சடங்கு கிடைக்காதவர்கள் என்றே அங்கே பொறித்திருக்கிறார்கள். தாத்தா பெயர் அதில் இல்லை. தங்கள் மத வழக்கப்படி எரிக்கப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேருக்கான தனி நினைவிடத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்து, தமிழில் சொன்னேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கொள்ளி வெச்சிருக்காங்களா?"

"வெச்சிருக்காங்கப்பா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஞ்சாங்கம் பார்க்கிறவரிடம் போகலாம் என்றார். பார்த்திப வருஷம், ஐப்பசி, வளர்பிறை பஞ்சமி என்று வந்தது. தீபாவளி கழிந்த அதே வாரம். இந்த ஐப்பசியில் அந்தத் திதியில் படையல் போட்டோம். இலைக்குப் பக்கத்தில் அப்பாவே கடைக்குப் போய் வாங்கிவந்த புது வேட்டி.