புத்தாண்டு நாளில் பாசடீனா

கலிஃபோர்னியாவின் பாசடீனாவுக்குக் குடிவந்த முதல் டிசம்பரிலேயே ஊரின் குணம் புரிந்துவிட்டது. முப்பத்தோராம் தேதி மதியத்திலிருந்து கொலராடோ புலவார் நடைபாதையில் மெத்தை, போர்வை, மடக்கு நாற்காலி சகிதம் குடும்பம் குடும்பமாக வந்து இடம் பிடிக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக் கரையில் விடிய விடியக் காத்துக் கிடந்த எங்களுக்கு அது உடனே பிடித்துப்போனது.

விடிந்ததும் ரோஸ் அணிவகுப்பு. 1890 முதல் நடக்கிறது. ஊர்திகளின் மேற்பரப்பு முழுக்கப் பூ, இலை, விதை, மரப்பட்டைதான். பிற்பகலில் ரோஸ் பவுல் ஆட்டம்; பல்கலைக்கழக அணிகள் மோதும் அமெரிக்க ஃபுட்பால். நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பதைப் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆட்டம் பிடிபட்ட பிறகு அதன் பழைய கதைகளையும் அவரிடமே கேட்க ஆரம்பித்தேன்.

அணிவகுப்புச் செலவுக்குப் பணம் திரட்டவே 1902-இல் முதல் ஆட்டத்தை வைத்திருக்கிறார்கள். மிச்சிகன் 49-0 என்று முன்னிலையில் இருந்தபோது, நேரம் முடியும் முன்பே ஸ்டான்ஃபோர்டு போதும் என்று நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு ஃபுட்பாலையே கைவிட்டு, சில ஆண்டுகள் ரதப் போட்டிகூட நடத்தினார்கள். 1916-இல்தான் ஆட்டம் திரும்பி வந்தது. அந்தப் பழைய திடல் இன்று கால்டெக் பல்கலைக்கழக வளாகத்தோடு சேர்ந்துவிட்டது. அரோயோ செக்கோ பள்ளத்தாக்கில் இப்போதிருக்கும் மைதானத்தில் 1923 முதல் ஆடுகிறார்கள். ஜனவரி 1 ஞாயிறாக வந்தால் எல்லாமே மறுநாளுக்குத் தள்ளிப்போகும். தேவாலய வாசலில் கட்டியிருக்கும் குதிரைகள் மிரளக் கூடாதென்று அந்தக் காலத்தில் வைத்த வழக்கம், குதிரைகள் போன பிறகும் தொடர்கிறது.

ஆனால் என்னை உலுக்கியது 1942-ஆம் ஆண்டு ஆட்டம்தான். பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடுவது ஆபத்து என்று ராணுவம் தடுத்ததால், ஆட்டத்தை வட கரோலினாவின் டர்ஹம் நகருக்கு, ட்யூக் பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்துக்கே கொண்டுபோனார்கள். அங்கே ட்யூக்கை 20-16 என்று வென்றது ஓரிகன் ஸ்டேட்.

வென்ற அணியில் ஒருவர் மட்டும் டர்ஹம் போகவில்லை. ஜாக் யோஷிஹாரா. ஜப்பானில் பிறந்து, சின்னக் குழந்தையாக வந்து போர்ட்லாந்தில் வளர்ந்தவர். பயிற்சி நடந்துகொண்டிருந்த திடலுக்கே எஃப்.பி.ஐ. ஆட்கள் வந்து, அவர் பயணம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு, ஜப்பானிய வம்சாவளியினருக்காக அரசு ஐடஹோவில் வைத்திருந்த மினிடோக்கா தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அணியினருக்குத் தரும் ரோஸ் பவுல் நினைவு மோதிரம் அவர் கைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. 2008-இல்தான் ஓரிகன் ஸ்டேட் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது.

என் மகளும் பேச்சு சரியாக வராத வயதில் இங்கே வந்தவள்தான். பள்ளி அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு எவ்வளவு உரிமையோடு நடக்கிறாள்! அந்தப் பையனும் அப்படித்தானே தன் அணியோடு நடந்திருப்பான் என்று நினைத்தபோது நெஞ்சு அடைத்தது.

நாங்கள் கடைக்குப் போகும் சாண்டா அனிட்டாவிலும் இந்தச் சரித்திரம் இருக்கிறது. அங்குள்ள குதிரைப் பந்தயத் திடலில் 1942-இல் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்திருந்தார்கள். பல குடும்பங்கள் குதிரை லாயங்களில் குடியிருந்தன. அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். முதல் ஆட்டத்தின் 49-0 கணக்கு இந்த ஊரில் பலருக்கு மனப்பாடம். அதே அளவுக்கு யோஷிஹாராவின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வரும் புத்தாண்டுக்கு மதுரையிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். அணிவகுப்பைக் காட்டிவிட்டு, மறுநாள் அவர்களைச் சாண்டா அனிட்டாவுக்கும் கூட்டிப்போகப் போகிறேன்.