சுங்கை சிப்புட் குறிப்புகள்: ஏணியும் கரண்டும்

6 அக்டோபர் 2025
தீபாவளி நெருங்குவதால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்ட லயத்து வீடுகளில் விளக்கு மாற்றும் வேலை குவிகிறது. சாயங்காலமானால் மழை. நனைந்த செம்மண்ணில் ஏணியின் ஒரு கால் புதைந்தாலே ஆள் பக்கவாட்டில் சாய்வார். இரண்டு காலுக்கும் அடியில் ஒரே பலகை போட்டு, கால் வழுக்காதபடி அதில் ஒரு ரீப்பர் கட்டை அடிக்க வேண்டும். ஏணி சாயும் இடம் 4 மீட்டர் உயரம் என்றால் அடி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கட்டும். எட்டிப் பிடிக்கும்போது பெல்ட் பக்கிள் ஏணியின் சட்டத்தைத் தாண்டக்கூடாது. இந்த வேலைக்கு அலுமினிய ஏணி ஆகவே ஆகாது, ஃபைபர்கிளாஸ்தான். அதுவும் அழுக்கேறி நனைந்தால் கரண்டைக் கடத்தும்.

8 அக்டோபர்
கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட் பென்னின் நியான் விளக்கு எரிய, பிடித்தவர் உடல் வழியாக நிலத்துக்குத் துளி கரண்டாவது போக வேண்டும். ஃபைபர்கிளாஸ் ஏணியில் நிற்பவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். நியான் மங்கிவிடும், வெயிலில் தெரியவே தெரியாது. கரண்ட் இல்லை என்று நம்பி ஒயரைப் பிடித்து, மறு கையைத் தகரக் கூரையில் ஊன்றினால் வழி திறந்துகொள்ளும். இரண்டு இடங்களுக்கு இடையிலுள்ள வோல்ட்டைப் பார்க்கும் இரு முனை டெஸ்டரே சரி. கரண்ட் இருக்கும் பிளக்கில் முதலில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் லைவ் (கரண்ட் வரும் ஒயர்)–நியூட்ரல் (கரண்ட் திரும்பும் ஒயர்), லைவ்–எர்த் (நிலத்தோடு இணைந்த ஒயர்), நியூட்ரல்–எர்த் பார்த்து, கடைசியில் மறுபடி அதே பிளக்கில் சோதிக்க வேண்டும்.

11 அக்டோபர்
பழைய ஒயரிங்கில் அதிகம் பயப்பட வேண்டியது பொது நியூட்ரல். இரண்டு லைட் சர்க்கியூட்டுக்கு ஒரே நியூட்ரலை ஓட்டியிருப்பார்கள். முன்னறை எம்சிபியை (அந்த சர்க்கியூட்டின் பிரேக்கர் சுவிட்சை) இறக்கினால் அதன் லைவ் மட்டும் அறும். அடுக்களை விளக்கின் கரண்ட் நியூட்ரலில் ஓடிக்கொண்டே இருக்கும். ஜாயிண்டைப் பிரிக்கும்வரை டெஸ்டர் ஒன்றும் காட்டாது. பிரித்ததும் அடுக்களை விளக்கு வழியாக 230 வோல்ட் அந்த வெறும் நுனிக்கு வந்துவிடும். ஆகவே லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுங்கள். சாவி ஏணியில் ஏறுபவர் பையில். “தொடாதீங்க அக்கா” என்று சொல்லி வைத்தால் மட்டும் போதாது. சோறு வடிக்கும் நேரம் வந்தால் யாராவது சுவிட்சை மேலே தள்ளிவிடுவார்கள்.

13 அக்டோபர்
“30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கே?” என்று கேட்பவர்கள் உண்டு. எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச் அது. அது கரண்டின் அளவைக் குறைப்பதில்லை, நேரத்தைத்தான் குறைக்கிறது. எர்த்துக்குக் கசிவது அந்த 30 மில்லிஆம்பியரில் பாதிக்குக் கீழே என்றால் விழவே விழாது. ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டாலும் அதற்குத் தெரியாது. 5 மில்லிஆம்பியர் ஷாக் தரையில் நிற்பவருக்கு ஓர் உதறல். 3 மீட்டர் ஏணியில் அதே உதறல் பிடியை விடுவிக்கும். மண்டை உடைவது சிமெண்டுத் தரையில்.

14 அக்டோபர்
விழுந்தவரைத் தொடுமுன் மெயினை இறக்குங்கள், 999-க்கு அழையுங்கள். மூச்சு இருந்தால் கழுத்தை அசைக்கக்கூடாது. மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை.